பாவடித் தெருவுக்கு வந்த கப்பல்

மாசி மாதம் பதினோராம் தேதி காலை, வெயில் ஏறுவதற்குள் பாவுக்குக் கஞ்சி போட்டு முடித்துவிட வேண்டுமென்று தெருவே பரபரத்துக்கொண்டிருந்தபோது, கடலில் நிற்க வேண்டிய கும்பினிக் கப்பல் கடலில் நிற்காமல், அலையைத் தாண்டி, மணலைத் தாண்டி, உப்புக் கொட்டகையைத் தாண்டி, ஐயனார் கோயில் குதிரைகளுக்கு இடதுபக்கமாக ஒதுங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடி எங்கள் தெருவுக்குள் நுழைந்து, பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் நங்கூரம் போட்டது. நங்கூரம் விழுந்ததில் சடையன் வீட்டு உரல் உடைந்தது. நான்கு பாவு அறுந்தது. ஒரு பாவு அறுந்தால் பதினைந்து நாள் பாடு மண்ணாய்ப் போயிற்று என்று அர்த்தம். ஆகவே எங்களுக்கு முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, எரிச்சல்தான்.

மணற்பட்டணத்தில் மற்ற தெருவெல்லாம் வண்டியும் மாடும் போவதற்காகப் போட்டவை. எங்கள் பாவடித் தெரு நூலுக்காகப் போட்டது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நெடுக்கு நூல் முழுவதையும், அதைத்தான் பாவு என்கிறோம், ஒரே நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ஈரம் காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்து, காய்ந்த கையோடு சுருட்டிவிட வேண்டும். கும்பினி கேட்கும் துணிக்கு எழுபத்திரண்டு முழம். வளைவு நெளிவு இல்லாமல், உப்புக்காற்று நேராக அடிக்காமல், எழுபத்திரண்டு முழம் கிடைக்கிற இடம் ஊரில் எங்கள் தெரு ஒன்றுதான். நாற்பத்து மூன்று வீடும் முறை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் பாவு நீட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தோம்.

கும்பினி என்றதும் வடக்கே கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரிய கும்பினியை நினைத்துவிடக் கூடாது. இது சின்னக் கும்பினி. லண்டனில் ஒரு மெழுகுவர்த்தி வியாபாரியும் அவருடைய மைத்துனர்மார் இரண்டு பேரும் இன்னும் பதினான்கு பேரும் சேர்ந்து தொடங்கியது. அதற்கு ஒரே ஒரு கப்பல். அந்தக் கப்பலின் பெயருக்குத் தமிழில் பொறுமை என்று அர்த்தமாம், துபாசி கச்சியப்பன் சொன்னார். மணற்பட்டணத்தில் அந்தக் கும்பினிக்கு ஒரு பண்டகசாலை, அதில் பெல் துரை என்று ஒரு துரை, அந்தத் துரைக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுவதற்குக் கச்சியப்பன். கச்சியப்பன் எங்கள் தெருக்காரர்தான். தெருவின் தலைவர் தாண்டவ முதலியாருக்குக் கூடப்பிறந்த தம்பி. சின்ன வயதில் தறிக்குழியில் உட்காரச் சொன்னால் கடற்கரைக்கு ஓடிப்போய்ப் பறங்கிகளிடம் பேசிப் பேசியே நாலு பாஷை கற்றுக்கொண்டவர். அண்ணனுக்கு அதில் வருத்தமும் உண்டு, வெளியே சொல்லாத பெருமையும் உண்டு.

கப்பலிலிருந்து கயிற்று ஏணி இறங்கியது. அதன் வழியாகக் கப்பித்தான் ஹாக் இறங்கி, கடைசிப் படியில் நின்றுகொண்டு, மண்ணில் கால் வைக்காமலே ஒரு காகிதத்தை நீட்டினார். துரை வாங்கிப் படித்தார். பிறகு கச்சியப்பன் வாங்கிப் படித்தார். படிக்கும்போது அவர் முகம் வெளுத்துப்போயிற்று. வெயில் என்று நினைத்தோம்.

"என்னா சொல்றாரு?" என்று தாண்டவ முதலியார் கேட்டார்.

"கும்பினி உத்தரவாம் அண்ணே. துணி நெய்யற இடத்துக்கு எவ்வளவு கிட்ட கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்ட கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தணும்னு எழுதியிருக்கு. அதான் வந்திருக்கு."

"வந்துடுச்சு இல்ல. பார்த்தாச்சு இல்ல. எப்ப போவும்னு கேளு."

கச்சியப்பன் கேட்டார். கப்பித்தான் சட்டைக்குள்ளிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். நானூறு கட்டுத் துணி ஏறி அடித்தளம் நிரம்பினால் போகும், அதற்கு ஒரு கட்டு குறைந்தாலும் நகராது என்று அதில் இருந்தது. துணி நெய்ய வேண்டுமென்றால் பாவு நீட்ட வேண்டும், பாவு நீட்ட வேண்டுமென்றால் கப்பல் போக வேண்டும், கப்பல் போக வேண்டுமென்றால் துணி வேண்டும் என்று தாண்டவ முதலியார் விரல் விட்டுச் சொன்னார். கச்சியப்பன் அதை மொழிபெயர்த்தார். கப்பித்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆமாம், அப்படித்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

ஒரு வாரம் போவோர் வருவோருக்கெல்லாம் கதை சொன்னோம். இரண்டாவது வாரம் சொல்லவும் சலிப்பாகிவிட்டது. மூன்றாவது வாரம் கப்பலின் நிழலில் ஆடு கட்டினோம். நாவிதர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சுக்கான் அடியில் உட்கார்ந்துவிட்டார், ஏனென்றால் நாள் முழுவதும் வெயில் படாத இடம் அது ஒன்றுதான். பெண்கள் பாய்மரக் கயிற்றில் சேலையும் கோவணத் துணியும் காயப்போட்டார்கள். கப்பலின் முகப்பில் மரத்தால் செய்த ஒரு வெள்ளைக்காரி மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டு நேராகப் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருக்கள் வந்து இது நியாயமா என்று கத்திவிட்டுப் போனதும், சடையன் பெண்சாதி ஏணி போட்டு ஏறி ஒரு பழஞ்சேலையைச் சுற்றிவிட்டாள். சேலை கட்டிய பிறகு பொட்டு இல்லாமல் இருப்பது நன்றாக இல்லையென்று யாரோ குங்குமம் வைத்தார்கள். குங்குமம் வைத்த பிறகு வெறும் கையோடு போகக் கூடாதென்று யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆடி மாதத்துக்குள் அவளுக்கு மரத்தாயி என்று பெயரும் கூழ் ஊற்றும் சடங்கும் வந்துவிட்டன. எங்கள் சீமையை ஆண்ட நாயக்கரின் வரி வசூல்காரன் வந்து, இது வீடா, கடையா, கோயிலா, வண்டியா, எதில் எழுதுவது என்று தலையைச் சொறிந்து, கடைசியில் மரம் என்று எழுதிக்கொண்டு போனான்.

கப்பித்தானைத்தான் தாங்க முடியவில்லை. கடலில் என்ன செய்வாரோ அதையே தெருவிலும் செய்தார். அரை மணிக்கு ஒரு தரம் மணி அடித்தார், தூளியில் இருந்த பிள்ளையெல்லாம் அலறியது. தினம் காலையில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்து, ஆழம் இல்லை என்று உரக்கச் சொல்லி, அதையும் எழுதி வைத்தார். "மேல் காற்று. நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறோம். அடியில் ஒரு கன்றுக்குட்டி" என்று அவர் ஒரு நாள் எழுதியிருந்ததைக் கச்சியப்பன் வாசித்துச் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை. கன்றுக்குட்டிக்குச் சொந்தக்காரர் மட்டும் தன் பெயரையும் எழுதினாரா என்று கேட்டார்.

பாவு நீட்ட வேறு இடம் பார்க்காமலா இருந்தோம். கடற்கரையில் நீட்டினோம், உப்புக்காற்றில் நூல் பொட்டுப் பொட்டென்று அறுந்தது. சந்தைப் பாதையில் நீட்டினோம், உப்பு வண்டிக்காரன் வண்டியை அதன்மேலேயே ஓட்டிக்கொண்டு போனான். கடைசியில் மாலுமிகளே பாவம் பார்த்து, கப்பலின் மேல்தளத்தில் நீட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் அளந்தால் அறுபது முழம். சரி, இருப்பதை நெய்வோம் என்று அறுபது முழத்துக்கே நெய்து, எட்டு மாதத்தில் நூற்றிருபது கட்டு பண்டகசாலைக்குக் கொண்டுபோனோம்.

பெல் துரை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தார். துணி அருமை, நெசவு அருமை, கஞ்சி அருமை, ஆனால் அறுபது முழத்துணியை வாங்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனாலும் அவரால் தன் இஷ்டத்துக்குத் தும்மக்கூட முடியாது. அதற்கும் லண்டனுக்கு எழுதிக் கேட்பார். எழுதினார். அறுபது முழம் வாங்கலாமா, இல்லையென்றால் கப்பலைத் தெருவிலிருந்து எடுக்கலாமா என்று எழுதி, தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பி, அங்கேயிருந்து புறப்பட்ட டேனிஷ்காரர்கள் கப்பலில் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்து, "இரண்டு வருடத்தில் பதில் வந்துவிடும்" என்றார்.

இரண்டு வருடம் ஒரு தெரு எதைத் தின்னும்? சிலர் மீன் உலர்த்தப் போனார்கள். சிலர் மாட்டுத் தீவனத்துக்குப் புல் அறுத்தார்கள். நூல் பிடித்த விரலில் செதில் நாற்றம் அடித்தது. குழந்தைகளுக்குக் கேழ்வரகுக் கூழும் ஒரு வேளைதான். மாலுமிகளும் எங்களோடு சேர்ந்து அதே கூழைக் குடித்து மெலிந்தார்கள், அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்தப் பதிலின் மேல்தான் இருந்தது, இன்னும் வராத பதிலின் மேல்.

வந்தது. பதினான்கு விஷயங்களுக்குப் பதில் இருந்தது. பண்டகசாலைக் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டாம் என்று ஒன்று. துரை கேட்ட பாலாடைக்கட்டி அனுப்புவதற்கில்லை என்று ஒன்று. பதினோராவதாகத்தான் எங்கள் விஷயம். கப்பலைத் துணிக்கு அருகில் கொண்டுபோகச் சொன்ன உத்தரவு இவ்வளவு நன்றாக நிறைவேறியதில் கும்பினிக்கு மிகுந்த சந்தோஷம். கப்பல் திரும்பத் தாமதமாவது ஏன் என்று புரியவில்லை. தெருவில் தண்ணீரின் ஆழம் என்ன என்று உடனே தெரிவிக்கவும். அறுபது முழம் பற்றி ஒரு சொல் இல்லை.

தாண்டவ முதலியார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தெருவைக் கூட்டினார். நெசவாளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாங்க முடியாமல் போனால் சண்டை போட மாட்டோம், தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றி, மொத்தமாக வேறு ராஜா சீமைக்குப் போய்விடுவோம். போனால் தெரு ஒன்றாகப் போகும், இல்லையென்றால் சிதறும். சிதறினால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் தெரியாமல் போகும். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் பொறுத்தோம்.

"போறோம்" என்றார் தாண்டவ முதலியார். பிறகு தம்பியைப் பார்த்தார். "நீ வரியா? இல்ல, துரைகிட்டயே இருக்கியா?"

"நான் எங்க அண்ணே இருக்கப் போறேன்" என்றார் கச்சியப்பன். அவர் பெண்சாதி உண்ணாமுலை, கணவர் பேசுவதற்கு முன்பே பானைகளைக் கட்டி வைத்திருந்தாள்.

நாற்பத்து மூன்று குடும்பமும், ஆடும், கோழியும், தறிக்கட்டையும் புறப்பட்டன. ஐயனார் கோயிலைத் தாண்டியதும் பின்னால் கிறீச்சென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. நாங்கள் வேகமாக நடந்தோம், அதுவும் வேகமாக வந்தது. நாங்கள் ஓடையில் இறங்கினோம், அதுவும் இறங்கியது. மூன்றாவது ஊர் எல்லையில் மூச்சு வாங்க நின்றபோது, அதுவும் ஒரு முழம் உயரத்தில் மரியாதையாக நின்றது. மேலே கப்பித்தான் மணி அடித்தார்.

"எங்களை என்னாதான்டா பண்ணச் சொல்றீங்க?" என்று சடையன் அடித்தளத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, சாலையிலேயே உட்கார்ந்து அழுதார்.

அப்போதுதான் கச்சியப்பன் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். இது என்னாலதான்."

நான்கு வருடத்துக்கு முன் நாங்கள் கும்பினிக்கு ஒரு மனு எழுதினோம். கரையிலிருந்து கப்பலுக்குப் படகில் துணி ஏற்றும்போது அலை அடித்து நனைந்துவிடுகிறது, நனைந்த துணியைத் துரை எங்கள் தலையிலேயே திருப்பிக் கட்டுகிறார், படகுக்கு ஒரு மூடு துணியாவது போடச் சொல்லுங்கள் என்பது மனு. எழுதியவர் கச்சியப்பன். நாற்பத்து மூன்று வீட்டுக்காரரும் கைக்கீறல் வைத்தோம். ஆனால் கச்சியப்பன் அதில் மூடு துணி என்று எழுதவில்லை. சந்தையில் பத்து கேட்டால்தான் ஐந்துக்கு முடியும் என்பது நமக்குத் தெரிந்த நியாயம். மூடு துணி வேண்டுமென்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது, கப்பலையே தெருவுக்குக் கொண்டுவா என்று கேட்டால், போனால் போகிறதென்று மூடு துணி கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அப்படியே எழுதிவிட்டார். பேரம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தார். லண்டனில் இருந்த பதினேழு பேருக்கும் பேரம் என்பது தெரியவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள்.

"ரெண்டரை வருஷமா தெரியும் உனக்கு" என்றார் தாண்டவ முதலியார். அடித்திருந்தால் தேவலை என்று கச்சியப்பன் பிற்பாடு சொன்னார்.

தெரு திரும்பி வந்தது. கப்பலும் எங்களுக்கு முன்னால் வழிவிட்டு, பின்னாலேயே வந்து, பழைய இடத்திலேயே நின்றது. கச்சியப்பன் நேராகப் பண்டகசாலைக்குப் போனார். மனுவை வாபஸ் வாங்க என்ன வழி என்று கேட்டார். பெல் துரை தடிப்புத்தகத்தைப் புரட்டி, மனுக்காரர் லண்டனில் கும்பினி சபைக்கு முன்னால் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார். எந்தக் கப்பலில் போவது? கப்பித்தான் தன் புத்தகத்தைப் புரட்டினார். சபைக்கு ஆள் கொண்டுபோகும்போது மட்டும் சரக்கு இல்லாமல் புறப்படலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. இரண்டரை வருடமாக அந்தப் பக்கத்தை ஏன் படிக்கவில்லை என்று கச்சியப்பன் கேட்டார். யாரும் கேட்கவில்லையே என்றார் கப்பித்தான்.

கடல் தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உண்ணாமுலை ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு மூட்டை புழுங்கலரிசியும் கட்டிக் கொடுத்தாள். "அங்க போயாவது என்னா வேணுமோ அதை மட்டும் கேளுங்க" என்றாள். ஏணியில் ஏறும்போது கச்சியப்பன் அண்ணனைத் தேடினார். தாண்டவ முதலியார் தெருக்கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு பாவுக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். கப்பல் திரும்பி, ஐயனாரைச் சுற்றிக்கொண்டு, மணலைத் தாண்டிக் கடலில் இறங்கும்வரை அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார், மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

நாங்கள் எழுபத்திரண்டு முழம் நெய்தோம். தரங்கம்பாடிக்காரர்கள் வாங்கினார்கள். கூழ் இரண்டு வேளையாயிற்று. மூன்று வருடம் கழித்துக் கச்சியப்பன் கடிதம் வந்தது. துரை படித்துச் சொன்னார். சபை வியாழக்கிழமை மட்டும்தான் கூடும், தலைவருக்குக் கால்வலி என்றால் அதுவும் இல்லை. கச்சியப்பன் பெயரை மனுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் மனுவில் நாற்பத்து மூன்று கைக்கீறல் இருக்கிறது. மிச்சம் நாற்பத்திரண்டு பேரும் நேரில் வந்து சொன்னால்தான் மனு ரத்தாகும். அதுவரை கச்சியப்பனை ஊருக்கு விட மாட்டார்கள், இரண்டு வருடத்துக்குள் வராவிட்டால் கப்பலும் மறுபடி பாவடித் தெருவுக்கே புறப்படும். "இங்கே குளிர். ஊறுகாய் தீர்ந்துவிட்டது. அண்ணனிடம் என்மேல் கோபமா என்று கேட்கவும்" என்று முடிந்திருந்தது.

"வர முடியாட்டி?" என்று தாண்டவ முதலியார் கேட்டார்.

துரை புத்தகத்தைப் புரட்டினார். வர முடியாததற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் கும்பினி ஒப்புக்கொள்ளும் என்றார்.

தாண்டவ முதலியார் யோசிக்கவே இல்லை. "அப்ப செத்துட்டோம்னு எழுதுங்க. நாப்பத்திரண்டு பேரும்."

பெல் துரை பேனாவை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்டு அவரே எழுதி ஒன்பது வருடமாகப் பதில் வரவில்லை. பேனாவை மறுபடி எடுத்தார். எதனால் இறந்தார்கள் என்று எழுத வேண்டுமே என்றார்.

"சலிச்சிப்போய் செத்தாங்கன்னு எழுதுங்க" என்றார் தாண்டவ முதலியார்.

துரை காய்ச்சல் என்று எழுதினார்.

அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் செத்தவர்கள். ஆளுக்கு ஒரு புதுப்பெயர் வைத்துக்கொண்டோம். சடையன் பொன்னம்பலம் ஆனார். தாண்டவ முதலியார் மாசிலாமணி ஆனார். முதல் மாதம் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, கிணற்றடியில் பெரிய குழப்பம். பிறகு பழகிப்போயிற்று. கப்பலுக்கே பழகியவர்களுக்குப் பெயர் ஒரு பெரிய விஷயமா?

அதற்கு மூன்றாவது வருடம் பொறுமைக் கப்பல் வந்தது. ஒழுங்காகக் கடலில், அலைக்கு அப்பால், மற்ற கப்பல்கள் நிற்கிற இடத்தில் நின்றது. பெல் துரைக்கு அதில் அனுமதி வரவில்லை, எப்போதோ கேட்டிருந்த ஒரு தொப்பி வந்தது. படகிலிருந்து கச்சியப்பன் இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால் மெலிந்த வெள்ளைக்கார எழுத்தன் ஒருவன் மார்பில் ஒரு புத்தகத்தை அணைத்துக்கொண்டு இறங்கினான். நிக்கலசு என்று பெயர். நாற்பத்திரண்டு சாவையும் விசாரித்துச் சரிபார்க்கக் கும்பினி அனுப்பிய ஆள். ஒரு ஆள் உயிரோடு இருந்தாலும் மனு உயிரோடு இருக்கிறது, மனு இருந்தால் கப்பல் அந்த நிமிஷமே தெருவுக்குள் வரும். பயணம் முழுவதும் கச்சியப்பனிடமே தமிழ் கற்றுக்கொண்டு வந்திருந்தான், அதனால் நாங்கள் பேசுவதெல்லாம் அவனுக்குப் புரியும்.

தாண்டவ முதலியார் கரையில் நின்றுகொண்டிருந்தார். கச்சியப்பன் ஆறு வருடம் கழித்து அவரைப் பார்த்தார். அண்ணே என்று வாய்வரை வந்ததை, பின்னால் எழுத்தன் நிற்பதால் விழுங்கிக்கொண்டார்.

"ஐயா" என்றார் கச்சியப்பன். "இந்தத் தெருவுல தாண்டவ முதலியார்னு ஒருத்தர் இருந்தாரே."

"போயிட்டாருங்க" என்றார் தாண்டவ முதலியார். "காய்ச்சல்ல."

"என்மேல கோவமா இருந்தாரா?"

"இல்லீங்க. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

கச்சியப்பன் மணலில் மண்டியிட்டு அழுதார். அது நடிப்பில்லை. நிக்கலசு அழுகையைப் பார்த்து, முதல் பெயருக்கு எதிரில் ஒரு கோடு போட்டான்.

ஒரு மாதத்தில் விசாரித்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தோம். போகவில்லை. அவன் திரும்ப வேண்டுமென்றால் லண்டனிலிருந்து உத்தரவு வர வேண்டுமாம். தெருவிலேயே ஒரு வீடு எடுத்து, சோறு தின்று, கொசுக்கடி பட்டு, பத்து வருடம் இருந்தான். நல்ல பையன்தான், யாருக்கும் தீங்கு நினைக்காதவன். ஆனால் எப்போதும் திறந்த காதோடு எங்கேயாவது உட்கார்ந்திருப்பான். கச்சியப்பனும் அவர் அண்ணனும் சுவருக்குச் சுவர் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு, பத்து வருடம், "வாங்க மாசிலாமணி, சாப்பிட்டீங்களா" என்றும், "ஆச்சுங்க துபாசி" என்றும் பேசிக்கொண்டார்கள். கச்சியப்பன் மகள் கல்யாணத்தில் பெரியப்பா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லை.

பத்தாவது வருடம் ஐப்பசியில், ஒரு மத்தியான வேளையில், தாண்டவ முதலியார் உண்மையிலேயே போய்விட்டார். தெருவே கூடியது. சங்கு ஊதினார்கள். நிக்கலசு வழக்கம்போலப் புத்தகத்தோடு வந்து, தலையைக் குனிந்து மரியாதை செய்துவிட்டு, இறந்தவர் யார் என்று கேட்டான்.

நாங்கள் எல்லோரும் மாசிலாமணி என்று சொல்ல வாயெடுத்தோம். அதற்கு முன்னால் கச்சியப்பன் சொல்லிவிட்டார். "எங்க அண்ணன். தாண்டவ முதலியார்."

கப்பல் வருகிறதா என்று தெருக்கோடியில் தெரிந்த கடலைப் பார்த்தோம்.

நிக்கலசு புத்தகத்தைத் திறந்தான். விரலை வைத்துத் தேடினான். முதல் பெயரிலேயே விரல் நின்றது. "தாண்டவ முதலியார் ஏற்கெனவே இறந்துவிட்டார்" என்றான். "கோடு போட்டிருக்கிறது. நீங்கள் அழுததை நானே பார்த்தேன். ஒருவர் இரண்டு தரம் இறக்க முடியாது. ஆகவே இவர் அவராக இருக்க முடியாது."

"அவருதான்" என்றார் கச்சியப்பன்.

"புத்தகத்தில் அப்படி இல்லையே. பெயர் தெரியாத ஒருவர் என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

"எழுதாதீங்க" என்றார் கச்சியப்பன். "ஒண்ணுமே எழுதாதீங்க. இவரை மட்டும் எங்ககிட்ட விடுங்க."

நிக்கலசு கொஞ்சம் யோசித்தான். எழுத இடம் இல்லாததை எழுதாமல் விடுவதில் அவனுக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. மைக்கூட்டை மூடிக்கொண்டு வெளியே போய் நின்றான். கச்சியப்பன் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்த ஆறிப்போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே" என்று கூப்பிட்டார். சாயங்காலம் தூக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நாங்கள் யாரும் தடுக்கவில்லை.